ஸ்பானிஷ் ‘-ஈயா’ வினை: புத்தகம் ஒண்ணு சொல்லுது, விருந்தாளி ஒண்ணு சொல்றார். உதவி தேவை

கானாடுகாத்தான் கைடு:
வணக்கம். செட்டிநாட்டு வீடுகளைச் சுத்திக் காட்டுற வேலை எனக்கு. ஸ்பெயின்காரங்க வரும்போது உதவும்னு ஸ்பானிஷ் படிக்கிறேன். நிகழ்காலம், இறந்தகாலம் எல்லாம் ஓடிருது. ‘இருந்தா செய்வேன்’ங்கிற, ‘-ஈயா’ன்னு முடியுற நிபந்தனை வினையிலதான் நிக்குது.

‘நேரம் இருந்தா ஆத்தங்குடிக்குப் போவேன்’ங்கிறதுக்குப் புத்தகத்துல ‘சி துபியெரா தியெம்போ, இரீயா அ ஆத்தங்குடி’ன்னு இருக்கு. பூர்கோஸ் ஊர்க்காரர் ஒருத்தர் வளவுல நின்னுக்கிட்டு ‘சி தெந்த்ரீயா தியெம்போ’ன்னு தெளிவாச் சொல்றார். தாய்மொழிக்காரர் சொல்றது தப்பா இருக்குமா?

அடுத்தது, கொமீயா, கொமெரீயா. ரெண்டுக்கும் ‘சாப்பிடுவேன்’னுதான் குறிச்சு வச்சிருக்கேன். அப்புறம் எதுக்கு ரெண்டு?

கடைசியா, ‘நேத்தே வருவேன்னு சொன்னார்’. இதுக்கு ‘திஹோ கே பெந்த்ரா’ போட்டா ஆப் சிவப்புக் காட்டுது. எதிர்காலம்தானே அது?

பழைய சாமான் கடை:
எதுக்குத் தம்பி இவ்வளவு? ‘கியெரோ’ (வேணும்)ன்னு சொல்லி விரலை நீட்டு. முனீஸ்வரன் கோயில் தெருவுல எங்க யாவாரமே அப்படித்தான் நடக்குது.

தேவகோட்டை ஆச்சி (இப்ப மாட்ரிட்):
அண்ணன் சொல்றது கடைக்குச் சரி. வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போறவருக்குப் பத்தாது.

தம்பி, உங்களுக்குச் சிக்கல் ஸ்பானிஷ்ல இல்ல, நம்ம ‘-வேன்’ல இருக்கு. ‘நாளைக்குச் சாப்பிடுவேன்’: கொமெரே. ‘சின்ன வயசுல அப்பத்தா வீட்டுல தினமும் பணியாரம் சாப்பிடுவேன்’: கொமீயா, பழைய வழக்கம். ‘பசி மட்டும் இருந்தா சாப்பிடுவேன்’, ஆனா இப்பப் பசி இல்ல: கொமெரீயா. தமிழ்ல மூணுக்கும் ஒரே சாப்பிடுவேன். நோட்டுல தனி வினையாக் குறிக்காம முழு வாக்கியமா எழுதி வைங்க.

வடிவமும் லேசுதான். நிகழ்காலம், இறந்தகாலத்துக்கெல்லாம் வாலை வெட்டிட்டு விகுதி சேர்ப்போம். இங்க கொமேர் (சாப்பிட), அப்லார் (பேச), இர் (போக)னு முழு வினையே பகுதி. அதோட ஈயா, ஈயாஸ், ஈயா, ஈயாமோஸ், ஈயாயிஸ், ஈயான். ஆர், ஏர், ஈர் மூணு வகைக்கும் இதே விகுதிதான். நடுவுல அந்த ‘ர’ கேட்டா கொமெரீயா, கேக்கலைன்னா கொமீயா.

பகுதி மாறுற அடிப்படை வினை 12. தெனேர், பொனேர், பெனீர், சலீர், பலேர் அஞ்சுலயும் உயிர் போயி ‘த்’ நுழையும்: தெந்த்ரீயா, பொந்த்ரீயா, பெந்த்ரீயா, சல்த்ரீயா, பல்த்ரீயா. பொதேர், சபேர், அபேர், கபேர், கெரேர்ல உயிர் மட்டும் போகும்: பொத்ரீயா, சப்ரீயா, அப்ரீயா, கப்ரீயா, கெற்ரீயா. அசேர் அரீயா ஆகும், தெசீர் திரீயா ஆகும். எதிர்காலத்துக்கும் இதே பகுதிதான், ரெண்டு தடவை உருப்போட வேண்டாம்.

பூர்கோஸ்காரர் கதை: அந்தப் பக்கம், பாஸ்க் நாடு, நவார்ரா, லா ரியோஹா எல்லாம் ‘சி தெந்த்ரீயா’ பேச்சுல சகஜம். எங்க ஆபீஸ்லயும் பில்பாவோக்காரர் அப்படித்தான் பேசுறார், யாரும் திருத்துறதில்ல. ஆனா பொது வழக்குல ‘சி’க்குப் பின்னாடி துபியெரா, அடுத்த பாதியிலதான் ஈயா. இலக்கணக்காரங்க ஏத்துக்கிறதும் அதைத்தான். காதுல விழட்டும், நீங்க சொல்லாதீங்க.

‘வருவேன்னு சொன்னார்’: நாம அவர் வாய்ச்சொல்லை அப்படியே வச்சு ‘ன்னு’ போட்டுர்றோம். ஸ்பானிஷ்ல ‘கே’ போட்டா, சொன்ன நேரத்துலேர்ந்து பார்க்கணும். நேத்து வர வேண்டியவர்னா ‘திஹோ கே பெந்த்ரீயா’. இனிமேத்தான் வரணும்னா ‘பெந்த்ரா’வும் சரியே. ஆப்புக்கு அவ்வளவு விவரம் தெரியாது.

காரைக்குடி மாணவன்:
ஆச்சி, கெரேர் (வேணும்) வினையில பழைய வழக்கத்துக்குக் கெரீயா, நிபந்தனைக்குக் கெற்ரீயா, ரெண்டும் எனக்கு ஒண்ணாத்தான் வருது.

தேவகோட்டை ஆச்சி:
முதல்ல ‘கரை’யோட ர. ரெண்டாவது நாக்கு நல்லா அதிரணும். வரலைன்னா விடுங்க, ‘வேணும்’னு பணிவாக் கேக்க ‘கிசியெரா’ போதும். இங்க ஜனங்களும் கெற்ரீயாவை விட அதைத்தான் அதிகம் சொல்றாங்க.

கானாடுகாத்தான் கைடு:
ரொம்ப நன்றி ஆச்சி, மூணும் விளங்கிருச்சு. ஒண்ணே ஒண்ணு. முகப்புலயே செருப்பைக் கழட்டச் சொல்லணும், உத்தரவு மாதிரி இருக்கக் கூடாது. அப்புறம், ‘அப்ப மணி எட்டு இருக்கும்’னு ஊகமாச் சொல்றதுக்கு?

தேவகோட்டை ஆச்சி:
செருப்புக்கு ‘பொத்ரீயான் கிதார்சே லோஸ் சபாதோஸ், போர் ஃபாபோர்?’ ஸ்பெயின்காரங்க ‘ச’வை நாக்கைக் கடிச்சுத் ‘தபாதோஸ்’ம்பாங்க, நீங்க எப்படிச் சொன்னாலும் புரியும். கந்தரப்பம் நீட்டும்போது ‘லெஸ் குஸ்தரீயா ப்ரொபார்?’ ‘லெஸ் குஸ்தா’ன்னா பிடிக்குதான்னு கேக்கிறது, தின்னதுக்கப்புறம் கேளுங்க.

ஊகத்துல நமக்கு யோகம். ‘இப்ப எட்டு மணி இருக்கும்’னு நாம எதிர்கால ‘இருக்கும்’ போடுற மாதிரியே அவங்களும் ‘செரான் லாஸ் ஓச்சோ’ம்பாங்க. நடந்து முடிஞ்ச நேரத்தைப் பத்தின ஊகம்னா ‘செரீயான் லாஸ் ஓச்சோ’.

பழைய சாமான் கடை:
ஆச்சி, ‘கொஞ்சம் குறைச்சுக் குடுத்திருப்பேன், நேத்தே வந்திருந்தா’ன்னு சொல்ல வழி இருக்கா?

தேவகோட்டை ஆச்சி:
இருக்குண்ணே. ‘சி உபியெரா பெனீதோ அயேர்’, வந்திருந்தா. ‘லோ அப்ரீயா தாதோ மாஸ் பராத்தோ’, குறைச்சுக் குடுத்திருப்பேன். நம்ம ‘இருந்தா… இருப்பேன்’ மாதிரியே உபியெரா, அப்ரீயான்னு ரெண்டு பக்கமும் அபேர் வினைதான். இதையும் விரலாலயே சொல்லிப் பாருங்களேன்!