மறு: ‘காக்னேட்’டுக்குத் தமிழ்: உறவுச்சொல் வேண்டாமே

> ஒரே மாதிரி ஒலிப்பதால் ‘ஒத்தசொல்’ போதும். இல்லையென்றால் ‘உறவுச்சொல்’ என்று வைக்கலாம்.

ஐயா, வணக்கம். ஒரே மூலச்சொல்லிலிருந்து வெவ்வேறு மொழிகளில் பிறந்த சொற்களைத்தானே ‘காக்னேட்’ என்கிறோம்; அதற்குத் தமிழ்ப் பெயர் தேடுகிறோம்.

உறவுச்சொல் என்றால் மாணவர்கள் மாமா, அத்தை, கொழுந்தன் என்று பட்டியல் போட ஆரம்பித்துவிடுவார்கள். அந்தப் பெயரை ஏற்கெனவே வேறொன்றுக்குக் கொடுத்தாகிவிட்டது. ஒத்தசொல் அதைவிடச் சிக்கல். ஒரே ஒரு எலியைப் பிடித்து வைத்துப் பார்ப்போம்.

ஆங்கில மவுஸ், லத்தீன் மூஸ், பாரசீக மூஷ், ரஷ்ய மிஷ், சமஸ்கிருத மூஷ். எல்லாம் இந்த மொழிகளுக்குத் தாயான இந்தோ-ஐரோப்பிய மூலமொழியின் ‘*மூஸ்’ என்ற ஒரே சொல்லின் பிள்ளைகள். (நட்சத்திரக்குறி இருந்தால், எழுத்தில் கிடைக்காமல் ஒப்பிட்டு மீட்ட வடிவம் என்று பொருள்.) ரிக்வேதம் முதல் மண்டலம், 105ஆம் பாடலில், எலி அரிப்பதுபோல் கவலைகள் என்னை அரிக்கின்றன என்று ஒரு புலவர் புலம்புகிறார். அங்கே வருவது இந்த மூஷ்தான். லத்தீன்காரர்கள், கையை மடக்கினால் தோலுக்கடியில் புரளும் தசையை ‘மஸ்குலுஸ்’, அதாவது குட்டி எலி என்றார்கள். ஆங்கில ‘மசில்’ அதன் வழி வந்தது. பழைய கிரேக்கத்திலோ எலிக்கும் தசைக்கும் ஒரே சொல். ‘முஷ்’, திருடு, என்ற சமஸ்கிருத வேரிலிருந்து எலியின் பெயர் வந்தது என்றும் ஒரு பழைய விளக்கம் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மூஷில் நெடில், முஷில் குறில், அங்கேதான் இடிக்கிறது.

சரி, நம் பக்கம் வருவோம். பிள்ளையாரின் மூஷிகமும் ஆங்கில மவுஸும் ஒலியில் ஒத்தவைதாம். ஆனால் மூஷிகம் நாம் வடமொழியிலிருந்து வாங்கியது. ‘அவருக்கு இப்போ நல்ல மவுசு’ என்கிறோமே, அந்த மவுசுக்கும் எலிக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஒத்தசொல் என்று பெயர் வைத்தால் எல்லாம் ஒரே கூடையில் விழும். நம் எலி, கன்னட இலி, தெலுங்கு எலுக ஆகியவை அப்படியல்ல. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். எலுகவின் ஒலி அவ்வளவாக ஒத்தும் இல்லை, பாருங்கள்.

லத்தீனில் ‘காக்னாட்டுஸ்’ என்றால் உடன்பிறந்தது. ‘உடன்பிறப்பு’ என்றே வைக்கலாம்தான், கட்சிக் கடிதம் மாதிரி ஆகிவிடும். என் பரிந்துரை: கிளைச்சொல். ‘கேளும் கிளையும்’ என்பதில் கிளை உறவு. மரத்திலோ, ஒரே அடியிலிருந்து பிரிவது. இரண்டு பொருளும் நமக்கு வேண்டும். வட்டார வழக்கைக் கிளைமொழி என்கிறோமே என்று கேட்கலாம். அது மொழி, இது சொல். குழம்பாது என்றே படுகிறது. ‘சமஸ்கிருத மூஷும் லத்தீன் மூஸும் கிளைச்சொற்கள், மூஷிகம் கடன்சொல்’ என்று எழுதிப் பார்த்தேன், உறுத்தவில்லை.

ஒரே ஒரு தயக்கம். லத்தீன் மூஸிலிருந்து அதே மொழியில் முளைத்த மஸ்குலுஸ் போன்றவற்றையும் யாராவது கிளைச்சொல் என்றுவிடக்கூடும். அவற்றுக்கு ‘வழிச்சொல்’ என்று தனியே வைத்துவிடலாமா?