'ஒய்த' என்ற கிரேக்க வினை: வடிவம் பெர்ஃபெக்ட், பொருள் ஏன் நிகழ்காலம்?

கேள்வி:
வணக்கம். பிளேட்டோவின் 'அப்பாலஜி'யை மூல கிரேக்கத்திலேயே வாசிக்கத் தொடங்கியிருக்கிறேன். கி.மு. 399 விசாரணையில் சாக்ரடீஸ் பேசும் முதல் வாக்கியத்திலேயே சந்தேகம். 'ஊக் ஒய்த' என்றால் 'எனக்குத் தெரியாது' என்கிறது உரை. இலக்கண அட்டவணையோ 'ஒய்த' பெர்ஃபெக்ட் (முடிந்த செயலைக் குறிக்கும் வினைவடிவம்) என்கிறது. 'கிரஃபோ' (எழுதுகிறேன்) என்பது 'கெகிரஃப' ஆவதுபோல் இதில் முதலெழுத்து இரட்டிக்கவும் இல்லை. பன்மையில் வரும் 'இஸ்மென்' வேறு வினையா?

பதில் 1:
அட்டவணை, உரை இரண்டும் சரிதான். கிரேக்க பெர்ஃபெக்ட், முடிந்த செயலைவிட அதனால் இப்போது இருக்கும் நிலையைத்தான் அழுத்திச் சொல்லும். இதன் பழைய வேர் 'வெய்த்', அதாவது காண்பது. கண்டாயிற்று, அதனால் தெரியும். நாமும் ஒருவர் விளக்கி முடித்ததும் 'சரி, புரிந்தது' என்றுதானே சொல்கிறோம்? 'பார்த்தேன்' என்கிற 'எய்தொன்' இதே வேரில் பிறந்ததுதான். பிளேட்டோ எழுதிய ஏதென்ஸ் வழக்கான ஆட்டிக் கிரேக்கத்தில் முதலிலிருந்த வகரம் உதிர்ந்துவிட்டதால் குடும்ப ஜாடை சட்டென்று தெரியாது.

பதில் 2:
'இஸ்மென்' வேறு வினை இல்லை. ஒருமையில் 'ஒய்', பன்மையில் வெறும் 'இ': ஒய்த (நான்), ஒய்ஸ்த (நீ), ஒய்தெ (அவர்), இஸ்மென் (நாம்), இஸ்தெ (நீங்கள்), இஸாஸி (அவர்கள்). பழைய காவியக் கவிஞர் ஹோமரிடம் பழைய தகரத்தோடு 'இத்மென்' என்றே இருக்கிறது. சமஸ்கிருதத்தைப் பாருங்கள்: 'வேத' என்றால் அறிகிறேன், 'வித்ம' என்றால் அறிகிறோம். அதே உயிர்மாற்றம், அங்கும் இரட்டிப்பு கிடையாது. ஜெர்மனிலும் ஒருமை 'வைஸ்', பன்மை 'விஸ்ஸன்'. ஆகவே இரட்டிப்பைக் கிரேக்கம் தொலைக்கவில்லை. இந்த மொழிகள் பிரிவதற்கு முன்பே இந்த வினை இப்படித்தான் இருந்திருக்கிறது. எனக்கு இந்த வினைமேல் தனிப் பிரியமே இதனால்தான்.

கேட்டவர்:
மிக்க நன்றி, இரண்டு பேருக்கும். அப்படியென்றால் 'எனக்குத் தெரிந்திருந்தது' என்பதை எப்படிச் சொல்வது?

பதில் 1:
அதற்கு ப்ளூபெர்ஃபெக்ட் (பெர்ஃபெக்டின் இறந்தகாலம்) வடிவமான 'ஏதே' வரும். பொருளில் அது சாதாரண இறந்தகாலம்தான். அப்புறம், 'இஸ்தி' வந்தால் கவனம். 'அறிந்துகொள்' என்ற ஏவலும் அதுதான், 'இரு' என்ற ஏவலும் அதுதான். பின்னால் 'ஹொத்தி' (என்று) வந்தால் பெரும்பாலும் முதல் பொருள்.

பதில் 2:
பின்னால் புதிய ஏற்பாடு வாசித்தால் 'இஸ்மெ'னைத் தேடாதீர்கள். அங்கே பன்மையும் ஒருமையைப் பார்த்து 'ஒய்தமென்' ஆகியிருக்கும்.