வார்டில் நர்சிங் மாணவிகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்கிறீர்கள்? உங்கள் அனுபவம்

கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர், மதுரை:

மெடிக்கல் வார்டுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போன எல்லோருக்கும் இது தெரியும். எந்தக் கட்டிலின் சார்ட்டை எடுத்தாலும் சுவாசம் நிமிடத்துக்கு 20, எண்ணாமலே எழுதியது. திட்டினால் மறுநாள் 22 என்று எழுதுவார்கள், அவ்வளவுதான்.

நான் திட்டுவதை விட்டுவிட்டேன். மூச்சு வாங்கும் ஒரு தாத்தாவிடம், "பிள்ளைங்க கொஞ்சம் பார்க்கட்டுமா?" என்று கேட்டுக்கொண்டு நாலு பேரை நிறுத்துவேன். ஒருத்தி நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்திருப்பாள். மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தால் அவர் மூச்சு விடும் விதமே மாறிவிடும். முழுசாக ஒரு நிமிடம் எண்ணி, பேசாமல் அவரவர் சீட்டில் எழுத வேண்டும். போன போஸ்டிங்கில் வந்தது 27, 28, 28, 29. காலை சார்ட்டில்? 20தான்.

அப்புறம் வெளியே வராந்தாவுக்கு வந்து, "என்ன நினைக்கிறீங்க?" என்று மட்டும் கேட்பேன். பதில் வரும்வரை நாம் வாயைத் திறக்காமல் நிற்பதுதான் பெரிய பாடு. ஒருத்தி ஏதாவது சொன்னதும், "எதை வைத்துச் சொல்றே?" பிறகு ஒரே ஒரு விதி. நோயாளியின் நிலை மோசமாகிறதா என்று புள்ளி போட்டுப் பார்க்கும் நியூஸ்2 (NEWS2) அட்டவணைப்படி சுவாசம் 25-ஐத் தொட்டாலே 3 புள்ளி, டாக்டரிடம் உடனே சொல்ல வேண்டும். கடைசியாக, எது சரி, எதைத் திருத்த வேண்டும் என்று சொல்லி முடிப்பேன். 1992-இல் அமெரிக்கக் குடும்ப மருத்துவர்கள் எழுதிவைத்த 'ஒரு நிமிடப் பயிற்றுநர்' முறை இது. உண்மையில் ஐந்து நிமிடமாவது ஆகும்! அன்று பதில் சொன்ன பெண்ணே போய் டியூட்டி சிஸ்டரிடம் சொன்னாள்.

நர்சிங் டியூட்டர், திருச்சி:

எனக்குக் கைகொடுத்தது, செய்முறை கற்றுக்கொடுக்க பேட்டன் (Peyton) என்ற அறுவை மருத்துவர் சொன்ன நாலு படி. முதலில் பேசாமல், வழக்கமான வேகத்தில் செய்துகாட்டுவேன். இரண்டாவது முறை விளக்கத்தோடு. மூன்றாவதில் மாணவி சொல்லச் சொல்ல நான் செய்வேன். நாலாவதில் அவளே செய்வாள். பலர் மூன்றாவதை விட்டுவிடுகிறார்கள். குட்டு வெளிப்படுவதே அங்கேதான்.

இன்சுலின் போடும்போது டிரேயில் சிவப்பு மூடி சிரிஞ்சும் ஆரஞ்சு மூடி சிரிஞ்சும் வைத்திருப்பேன். மருந்து வயல் 40 யூனிட் வகை, அதாவது ஒரு மி.லி.யில் 40 யூனிட்; அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சுதான். "சிரிஞ்சை எடுங்க மேடம், பத்து யூனிட் இழுங்க" என்பாள். நான் வேண்டுமென்றே ஆரஞ்சை எடுப்பேன். அது 100 யூனிட் வயலுக்கானது. அதில் 10 கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது 4 யூனிட்தான். மாற்றி, 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடியில் 10 வரை இழுத்தால் 25 யூனிட். சுகர் தாறுமாறாக இறங்கிவிடும். சிலர் "நில்லுங்க மேடம்" என்பார்கள், சிலர் தலையாட்டிவிடுவார்கள். தலையாட்டியவளிடம் பேப்பரைக் கொடுத்துக் கணக்குப் போடச் சொல்வேன். இதெல்லாம் கல்லூரியின் பயிற்சிக்கூடமான ஸ்கில் லேபில்தான், நோயாளி பக்கத்தில் இல்லை.

வார்டு இன்சார்ஜ் சிஸ்டர்:

ரெண்டு மேடமும் சொல்றது சரி. ஆனால் எல்லா இடத்திலும் இப்படியா நடக்குது? பத்து மாணவிகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது நர்சிங் கவுன்சில் கணக்கு. நான் பார்த்த ஒரு கல்லூரியில் மூணு வார்டுக்கும் சேர்த்து ஒரே மேடம். அட்டெண்டன்ஸ் எடுத்ததும் போய்விடுவார். பிள்ளைகள் லேபுக்கும் எக்ஸ்ரேவுக்கும் ஓடிக்கொண்டிருப்பார்கள்.

அதனால் நானே ஒன்று செய்கிறேன். ஒருத்திக்கு பி.பி. மட்டும், இன்னொருத்திக்கு பெட் மேக்கிங் மட்டும் என்று பிரிப்பதில்லை. ஆளுக்கு ரெண்டு நோயாளி, காலையிலிருந்து மதியம் வரை அவர்களோட எல்லா வேலையும். அடுத்த ஷிப்டுக்குப் பொறுப்பை ஒப்படைக்கும் ஹேண்டோவருக்கு முன்னாடி என்னிடம் எஸ்பார் (SBAR) என்கிற நாலு வரிசையில் சொல்ல வேண்டும்: இப்போ என்ன நிலைமை, பின்னணி என்ன, நீ என்ன நினைக்கிறே, என்ன செய்யணும். மூணாவதில்தான் எல்லோரும் திணறுவார்கள். "நான் ஸ்டூடண்ட்தானே சிஸ்டர்" என்பார்கள். விடமாட்டேன்.

இன்னொன்று, நோயாளி முன்னாடி பிள்ளைகளைத் திட்டாதீங்க மேடம். அப்புறம் அவள் ஊசியோடு போனால், "பெரிய சிஸ்டரை வரச் சொல்லும்மா" என்று கையை இழுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பெண் அந்தக் கட்டில் பக்கமே போகமாட்டாள்.

அப்படியே நோயாளியைக் கவனிக்கும் திட்டத்தை மாணவிகள் எழுதும் கேர் பிளான் நோட்டைப் பற்றியும் யாராவது சொல்லுங்க. சீனியர் நோட்டைப் பார்த்து எழுதியதில் ஆண் நோயாளிக்கு மாதவிடாய் வரலாறு இருந்தது. அதில் மேடத்தோட கையெழுத்தும் போட்டிருக்கு!