குன்னூர் ஸ்டேஷன் பக்கத்துப் பழைய லாட்ஜ்: தங்கிவிட்டு வந்தோம் (புதுப்பிப்பு)

போன மாதம் கேட்டிருந்தேன், அம்மாவுக்கு முழங்கால் வலி, குன்னூர் ஸ்டேஷனை ஒட்டிய அந்தப் பழைய லாட்ஜில் தங்கலாமா, இல்லை ஊட்டிக்கே போய்விடலாமா என்று. பாதிப் பேர் வேண்டாம் என்றீர்கள். இரண்டு ராத்திரி தங்கினோம்.

பெரிய ரூம், உயரமான கூரை, மரத்தரை, கனமான கம்பளி. டிவி இல்லை. வெந்நீர் காலையில் மட்டும், அதுவும் பக்கெட்டில். ஒரே குறை, கீழ்த்தளம் வேண்டும் என்று போனில் இரண்டு முறை சொல்லியும் மாடியைக் கொடுத்தார்கள். அம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டதைப் பார்த்த ரூம் அண்ணன்தான் ஓடிப்போய் வேறு சாவி வாங்கி வந்தார்.

சரி, தங்கியதன் சுகம் காலையில்தான் தெரிந்தது. மேட்டுப்பாளையத்தில் 7.10க்குக் கிளம்பும் ஊட்டி மலை ரயில் பத்தரை வாக்கில் வரும், பல்சக்கரப் பாதையில் (தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பற்களில் எஞ்சினின் பல்சக்கரம் பிடித்து ஏறும் செங்குத்தான பாதை) பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே ஏறிவந்த நீராவி எஞ்சினைக் குன்னூரில் கழற்றிவிட்டு ஊட்டிக்கு டீசலை மாட்டுவார்கள். இரண்டு நாளும் டீயோடு போய் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து பார்த்தோம். 1899இல் ரயில் குன்னூர் வரைதான் வந்தது, ஊட்டிக்குப் போனது 1908இல், அதுவரை எல்லாரும் இங்கேதான் இறங்கியிருக்க வேண்டும் என்று சொன்னதும் அம்மாவுக்கு அந்த ஸ்டேஷன்மேல் தனிப் பாசம் வந்துவிட்டது.

அப்புறம், மழைக்காலத்தில் போகிறவர்கள் ரயில் ஓடுகிறதா என்று விசாரித்துவிட்டு ரூம் போடுங்கள், மண் சரிந்தால் மேட்டுப்பாளையம்-குன்னூர் பாதையில் ரயிலை நிறுத்திவிடுவார்கள்.