ரெண்டு கார்ட் போட்ட பெட்டிக்கு பவர் காணாமல் போன அனுபவங்கள்: கண்டதை இங்கே எழுதுங்கோ

பச்சைவயர்:
வெள்ளவத்தையில ஒரு கொம்பியூட்டர் பெட்டி. என்விடியா 3090 கிராஃபிக்ஸ் கார்ட் ரெண்டு, 1000 வொட் பவர் சப்ளை. பகல் முழுக்க பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில ரெண்டர், அதாவது படத்தைக் கணிச்சு எடுக்கிற வேலை ஓடும். ரெண்டு கார்டும் 350 வொட்டில நிக்கும், ஒரு பிரச்சினையும் இல்லை. இரவு கேம் போட்டால், லோடிங் முடிஞ்சு முதல் காட்சி வாற அந்தக் கணத்தில 'டக்' என்று ஒரு சத்தம், எல்லாம் இருட்டு. முன் பட்டனை அமத்தினாலும் எழும்பாது. பின்னால உள்ள சுவிட்சை ஓஃப் பண்ணி அரை நிமிஷம் விட்டால்தான் உயிர் வரும்.

அந்தக் கடைசி விஷயத்திலதான் விடை இருக்கு. சுவிட்சைப் போட்டு எடுத்தால்தான் வரும் என்றால் பவர் சப்ளையின்ர பாதுகாப்புச் சுற்று வெட்டியிருக்கு என்று அர்த்தம். விண்டோஸில 'கேர்னல் பவர் 41' என்று பதிவாகியிருக்கும். அது கரண்ட் போனதை மட்டும்தான் சொல்லும், ஏன் போனது என்று சொல்லாது. அதைப் பார்த்து விண்டோஸைத் திரும்பப் போடுறது வீண்வேலை.

லேபிளைப் பார்த்தால் 12 வோல்ட் நாலு ரெயிலா, அதாவது தனித்தனி வெட்டு எல்லை உள்ள நாலு வழியாப் பிரிஞ்சிருக்கு, ஒவ்வொன்றும் 30 அம்பியர், அதாவது 360 வொட். வெட்டுற புள்ளியை அதைவிடக் கொஞ்சம் மேலே வைப்பினம். முதல் கார்டுக்குப் போன எட்டு பின் கேபிள் எல்லாம் ஒரே ரெயிலில குத்தியிருந்தது. 3090இன்ர சராசரிதான் 350. மில்லிசெக்கன் கணக்கில 500 வொட்டுக்கு மேலே பாயும். கார்ட் குத்துற மதர்போர்ட் ஸ்லொட் தரக்கூடியது 75 வொட் மட்டும், மிச்சம் முழுக்க அந்த ஒரு ரெயிலால. ரெண்டரில லோட் சமமா இருக்கும், அதனால தப்பிச்சுது. கேமில சும்மா நிண்ட கார்ட் ஒரே பாய்ச்சலில உச்சத்துக்குப் போகும்.

எந்தச் சொக்கெட் எந்த ரெயில் என்று மனுவலில படம் இருக்கும். அதன்படி கேபிள்களை ரெண்டு ரெயிலுக்குப் பிரிச்சுக் குத்தினதோட நிண்டிட்டுது. 1000 வொட் காணாது என்று 1600க்குக் காசு கட்டப் போறவை முதல் அந்த லேபிளை வாசியுங்கோ. மற்றது, ஒரே கேபிளில ரெண்டு எட்டு பின் தலை தொங்குது என்றதுக்காக ரெண்டையும் ஒரு கார்டில குத்தாதேங்கோ. ஒரு எட்டு பின்னுக்குக் கணக்கு 150 வொட். ரெண்டு தலைக்கு 300 வொட், 25 அம்பியர். அது மூண்டு வயரால போகுது, வயருக்கு எட்டுக்கு மேல. கார்டில மூண்டு தலை குத்தோணும் என்றால் மூண்டு கேபிள்.

செவன்067:
ரெயில் விஷயம் சரி அண்ணை, ஆனா கொழும்பில சுவரில இருந்துதான் பாக்கத் தொடங்கோணும்.

கொட்டாஞ்சேனை, பழைய மாடிவீடு. இதே மாதிரி ரெண்டு கார்ட் பெட்டி. அறையில மீன் நாத்தம் வருது என்று குசினி, குப்பைவாளி எல்லாம் தேடியிருக்கினம். நாத்தம் வந்தது பிளக்கில இருந்து. பழைய உருண்டை பின் 5 அம்பியர் சொக்கெட், அதில ஒரு அடப்டர், அதில மல்டிபிளக். வெள்ளைப் பிளாஸ்டிக் ஒரு பின்னைச் சுத்தி மண்ணிறமா வெந்து கிடந்தது. பிளக் பிளாஸ்டிக் சூடேறினால் மீன் மாதிரித்தான் மணக்கும்.

கணக்கைப் பாருங்கோ. கார்ட் ரெண்டும் 700, சிபியூ 150, மிச்சம் 60, மொத்தம் 910. பவர் சப்ளை 90 வீதத் திறன் என்றால் சுவரில இருந்து 1010 வொட். 230 வோல்ட்டில 4.4 அம்பியர். அதே பட்டியில மொனிட்டரும் ஸ்பீக்கரும். பின்னேரம் லைன் 210க்கு இறங்கினால் அம்பியர் இன்னும் கூடும், ஏனென்றால் கொம்பியூட்டர் பவர் சப்ளை வோல்ட் குறையக் குறையக் கரண்டைக் கூட்டி அதே வொட்டை எடுக்கும். 5 அம்பியர் சொக்கெட்டின்ர ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் மணித்தியாலக்கணக்கா இதைத் தாங்காது.

வீட்டு மெயின் கரண்ட் போர்டில இருந்து நேரா 7/0.67 வயர், அதாவது 2.5 சதுர மில்லிமீட்டர், தனி பிரேக்கர், சுவரில 13 அம்பியர் சதுர பின் சொக்கெட். நடுவில அடப்டர் வேண்டாம். ஏசி ஓடுற லைனில சேர்க்கவும் வேண்டாம், கொம்ப்ரசர் எழும்பேக்க வோல்ட் விழும். கேம் ஒரு மணித்தியாலம் ஓடினபிறகு பிளக்கைத் தொட்டுப் பாருங்கோ. இளஞ்சூடு பரவாயில்லை. கையை வைச்சிருக்க ஏலாது என்றால் உடனே ஓஃப் பண்ணுங்கோ.

காலிமுகம்:
கேமுக்கு ரெண்டு கார்ட் எதுக்கு? எஸ்எல்ஐ, அதாவது ரெண்டு கார்டையும் சேர்த்து ஒரு கேமை ஓட்டுற முறை, முடிஞ்ச கதை. 2021 ஜனவரியோட என்விடியா அதுக்குப் புது கேம் புரொஃபைல் போடுறதையும் நிப்பாட்டிட்டுது. 4090இல ரெண்டு கார்டை இணைக்கிற என்விலிங்க் இணைப்பே இல்லை. ஒரு நல்ல கார்ட் போட்டால் இந்தத் தலையிடி ஒன்றும் வராது.

பச்சைவயர்:
தம்பி, பகலில ரெண்டர் என்று மேல எழுதியிருக்கே. வேலைக்கு ரெண்டும் வேணும், கேம் ஒன்றில ஓடும். கழட்டிக் கழட்டி மாட்ட ஏலாது.

யூனிட்டி_மேல்மாடி:
யூபிஎஸ் பற்றி ஒருத்தரும் எழுதவில்லை. 2022இல 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்த நேரம் வாங்கின 1500 விஏ யூபிஎஸ் ஒன்று. கரண்ட் போன உடனே 'பீப்' என்று ஒரே ஒரு சத்தம், சின்னத் திரையில 'ஓவர்லோட்', பெட்டி நிண்டிட்டுது. பெட்டரி செத்துப்போச்சு என்று ரெண்டையும் மாத்தியிருக்கிறாங்க. திரும்பவும் அதே 'பீப்'.

விஏ வேற, வொட் வேற. இந்த வகையில அநேகமா 0.6 ஆல பெருக்கணும், 1500 விஏ என்றால் 900 வொட். மேல சொன்ன கணக்குப்படி பெட்டி 1010 கேட்குது. கரண்ட் இருக்கும்போது யூபிஎஸ் அதை அப்படியே கடத்திவிடும், கரண்ட் போற கணத்திலதான் குட்டு வெளிப்படும். புதுப் பெட்டரி அதை மாத்தாது.

ரெண்டு கார்டையும் தலா 260 வொட்டுக்கு இறக்கினால் சுவரில 811 வொட் அளவில வரும், யூபிஎஸ் பிடிக்கும். கார்டின் அமைப்பை மாத்துற ஆஃப்டர்பர்னர் மென்பொருளில பவர் லிமிட்டை 74 வீதத்துக்கு இழுத்தால் சரி. வேகம் குறையும், ஆனா வொட் குறைஞ்ச அளவுக்குக் குறையாது. பெட்டரியில நீண்ட நேரம் விளையாடலாம் என்று நினைக்க வேண்டாம். 12 வோல்ட் 9 அம்பியர்-அவர் பெட்டரி ரெண்டில 216 வொட்-அவர் இருக்கு, கணக்குக்குப் பதினாறு நிமிஷம். இவ்வளவு வேகமா இழுத்தால் ஈயப் பெட்டரி அதில பாதிகூடத் தராது. சேவ் பண்ணி ஓஃப் பண்ணத்தான் அது.

பென்ச்லைட்:
ஒரு பெட்டியில மூண்டாவது கார்ட் கிரிப்டோ மைனிங் காலத்து ரைசரில, அதாவது கார்டை ஸ்லொட்டுக்கு வெளியே வைக்கிற நீட்டிப்பில தொங்கினது. ரைசருக்கு டிஸ்க்குக்குக் குடுக்கிற சாட்டா பவர். கறுப்புத் தலை உருகி ரைசரோட ஒட்டி, வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. சாட்டாவில 12 வோல்ட்டுக்கு மூண்டு பின், பின்னுக்கு 1.5 அம்பியர், மொத்தம் 54 வொட். ஸ்லொட் வழியா கார்ட் 75 வரை கேட்கலாம். ஆறு பின் உள்ள ரைசர்தான் போடணும். அதுவும் ரெண்டருக்கு மட்டும். கேமுக்கு அந்த யூஎஸ்பி வயர் ரைசரின் வேகம் காணாது.

ஆனால் நான் எழுத வந்தது பச்சைவயர் சொன்ன 'மூண்டு கேபிள்' பற்றி. பவர் சப்ளையோட ரெண்டுதான் வந்திருந்தால் மூண்டாவதை எங்கே எடுக்கிறது என்று சொல்லவில்லையே. பம்பலப்பிட்டியில கடை கடையா ஏறி, தலை பொருந்துது என்று உதிரிக் கேபிள் வாங்குறாங்க. அங்கதான் ஆபத்து. கார்டில குத்துற தலைக்கு ஒரே நியமம் இருக்கு. பவர் சப்ளையில குத்துற தலைக்கு இல்லை. ஒரே பிராண்டின் ரெண்டு சீரீஸே மாறும். 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில 12 வந்தால் எஸ்எஸ்டி அந்த நொடியே போயிரும், டேட்டாவும் போயிரும்.

வாங்கினால் இப்படிப் பாருங்க. பவர் சப்ளையோட வந்த கேபிளையும் புதியதையும் பக்கத்தில வைச்சு, மல்டிமீட்டரை 'பீப்' நிலையில விட்டு, ஒவ்வொரு பின்னும் எந்தப் பின்னுக்குப் போகுது என்று எழுதி ஒப்பிடுங்க. ஒன்று மாறினாலும் திருப்பிக் குடுங்க. ஒத்துப்போனால் கார்டில குத்த முதல் பவர் சப்ளையைத் தனியா எழுப்பி அளக்கணும். மதர்போர்டுக்குப் போற 24 பின் தலையில பதினாறாவது பின்னை, பழைய கேபிளில பச்சை வயர் வாற இடம், பக்கத்துக் கறுப்போட ஒரு சின்ன வயரால இணைச்சால் எழும்பும். கார்ட் தலையில கிளிப் இல்லாத பக்க வரிசையில மூண்டு பின்னில 12 வோல்ட் காட்டணும். கிளிப் பக்கம் முழுக்க கிரவுண்ட். சிபியூ எட்டு பின் இதுக்கு நேர் எதிர், கிளிப் பக்கம்தான் 12. அதனாலதான் சிபியூ கேபிளைக் கார்டில அமத்திக் குத்தினால் ஷோர்ட் ஆகும்.

கடலுக்குக் கிட்ட இருக்கிறவங்க இன்னொன்று கவனிங்க. உப்புக்காத்தில பின் மங்கிப்போகும், மங்கினால் தடை கூடும், தடை கூடினால் சூடு. 4090இன் பதினாறு பின் தலையில 600 வொட்டுக்கு 50 அம்பியர் ஆறு பின்னால போகுது, பின்னுக்கு 8.3. அனுமதி 9.5 தான். அங்கே மங்கல் பின்னுக்கு இடமே இல்லை. முழுசா உள்ளே போச்சா என்று லைட் அடிச்சுப் பாருங்க. தலைக்கும் சொக்கெட்டுக்கும் நடுவில இடைவெளி தெரியக் கூடாது.

நாரஹேன்பிட்ட_ஹோம்:
கேசிங்கைத் தொட்டால் 'சுர்' என்று இழுக்குது, பவர் சப்ளை பழுது என்று கொண்டுவந்த பெட்டி. பவர் சப்ளையில ஒரு பிழையும் இல்லை. வீட்டுச் சொக்கெட்டில எர்த் இல்லை. உள்ளே ஃபில்டர் கெப்பாசிட்டர் கரண்டில கொஞ்சத்தை எர்த்துக்குத் தள்ளும். எர்த் இல்லாவிட்டால் கேசிங் சுமார் 115 வோல்ட்டில மிதக்கும். ஈரத் தரையில வெறுங்காலோட நிண்டு தொட்டால் தெரியும்.

செவன்067:
அதைத்தான் சுவரில இருந்து தொடங்கச் சொன்னது. ட்ரிப் சுவிட்ச் இருந்தால் மட்டும் எர்த் இருக்கு என்று அர்த்தம் இல்லை. லைவுக்கும் எர்த்துக்கும் நடுவில மீட்டர் 230 காட்டினாலும், வயர்மேனைக் கொண்டு எர்த் ரொட்டின் தடையையும் அளப்பியுங்கோ. இந்தப் பெட்டியை அதுக்குப் பிறகு குத்துங்கோ.

பச்சைவயர்:
பவர் லிமிட் போடுறவைக்கு ஒரு விஷயம். ரீஸ்டார்ட் பண்ணினால் அது பழையபடி 350க்குப் போயிடும். ஆஃப்டர்பர்னரில புரொஃபைலா சேவ் பண்ணி, விண்டோஸ் தொடங்கேக்க ஏத்துற பட்டனையும் அமத்துங்கோ. கார்ட் ரெண்டுக்கும் வெவ்வேறயாப் போட்டு, அடுத்த ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு ரெண்டும் 260 காட்டுதா என்று பாருங்கோ.