கதை சொல்லும்போது கடைசிச் சொல் கேட்பதில்லை: வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) ஆசிரியர்களுக்கு என்ன பயிற்சி கொடுக்கலாம்?

சிறுவர் ஊழியத்தில் இருக்கிற எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

எங்கள் சபையில் கதை சொல்கிற வாலிபர்களுக்குக் கதையும் வசனமும் மனப்பாடம். குரல்தான் பிரச்சினை. ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் இறங்கிவிடுகிறது. தமிழில் வினைச்சொல் கடைசியில்தானே வருகிறது? "தாவீது பயப்படவில்லை" என்பதில் "வில்லை" கேட்காவிட்டால் கதையே தலைகீழ்!

இடம் பாளையங்கோட்டை பக்கம். தகரக் கூரை ஹால், நாலு சீலிங் ஃபேன், 5 முதல் 8 வயதில் சுமார் 60 பிள்ளைகள், கதை நேரம் 12 நிமிடம். பாதியில் பின்வரிசை பேச ஆரம்பிக்கும். ஆசிரியர் அதற்கு மேல் கத்துவார், வேகம் கூடும், மூச்சு வாங்கும், கடைசிச் சொல் இன்னும் தேயும்.

காலர் மைக் வைத்தோம், ஊளையிட்டது. ஸ்பீக்கரை ஆசிரியருக்கு முன்னால் நகர்த்தியதும் ஊளை நின்றது, எதிரொலி போகவில்லை. பிள்ளைகளை அரைவட்டமாக உட்கார வைத்தது ஓரளவு உதவியது. தாவீது எதிர்த்து நின்ற ராட்சதன் கோலியாத்தின் உயரமான "ஆறு முழமும் ஒரு ஜாணும்" எவ்வளவு என்று காட்ட, ஒன்பதே முக்கால் அடிக் காகிதப் பட்டையைச் சுவரில் ஒட்டினோம். பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தார்கள். ஆனால் ஆசிரியரும் சுவரைப் பார்த்தே பேசினார், குரல் அங்கேயே போய்விட்டது. போனில் பதிவு செய்து கேட்டால் தவறு அவர்களுக்கே புரிகிறது, பிள்ளைகள் முன்னால் போனதும் பழையபடிதான்.

மே மாத வி.பி.எஸ்.ஸுக்கு முன் சனிக்கிழமைகளில் ஒரு மணி நேரம் கிடைக்கும். கடைசிச் சொல் வரை மூச்சும் குரலும் நிற்க, நீங்கள் செய்து பலன் கண்ட பயிற்சி எது?