அனகிராம்: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். ஒரு சொல்லின் எழுத்துகளையே வேறு வரிசையில் அடுக்கிக் கிடைக்கும் வேறொரு சொல்லை ஆங்கிலத்தில் அனகிராம் என்கிறார்கள். அதற்குத் தமிழ்ப்பெயர் தேடி இந்த இழையில் வந்த பரிந்துரைகளை எல்லாம் படித்தேன். என் கருத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> மாலைமாற்று நம்மிடம் இருக்கிறது. அதே வழியில் ‘எழுத்துமாற்று’ என்று வைத்துவிடலாமே?

முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே வரும் மாலைமாற்றை நினைவூட்டியது நல்லது. சம்பந்தர் பதிகமே பாடியிருக்கும் வடிவம் அது. ஆனால் எழுத்துமாற்று என்று கேட்பவர் ஓர் எழுத்தை எடுத்துவிட்டு வேறோர் எழுத்தை வைப்பதாகத்தான் எண்ணுவார். அதோடு, எழுத்து நிலைமாறுதல் என்று இலக்கணத்தில் ஒன்று இருக்கிறது: தசை சதையாகிறது, விசிறி சிவிறியாகிறது, மிஞிறு ஞிமிறாகிறது. அங்கே எழுத்துகள் இடம் மாறினாலும் பொருள் மாறுவதில்லை. நாம் பெயர் தேடுவது எழுத்துகள் அவையே, பொருள் வேறு என்னும் சொற்களுக்கு. இரண்டும் குழம்பக் கூடாது.

> எழுத்துகளைக் கலைத்துப் போடுவதால் ‘கலைசொல்’.

அழகான வினைத்தொகை. ஆனால் கலைசொல்லுக்கும் கலைச்சொல்லுக்கும் நடுவே ஓர் ஒற்றுதான் நிற்கிறது. அச்சில் அந்த ‘ச்’ எத்தனை முறை விழும், எத்தனை முறை தவறாக ஏறும் என்பதைப் பிழை திருத்தியவர்கள் அறிவார்கள்.

ஒரே எழுத்துகளால் ஆனவை என்ற பொருளில் ‘ஓரெழுத்துச் சொல்’ என்று வைப்பதும் வேண்டவே வேண்டாம். நன்னூல் கணக்கிட்ட 42 ஓரெழுத்து ஒருமொழிகளுக்கு அந்த இடம் முன்பே போய்விட்டது.

> கணிதத்தில் ‘வரிசைமாற்றம்’ இருக்கிறதே, அது போதாதா?

இந்தப் பரிந்துரையில்தான் எனக்கு ஒரு தெளிவு கிடைத்தது. எல், ஐ, எஸ், டி, இ, என் என்ற ஆறு ஆங்கில எழுத்துகளை 720 வகையாக அடுக்கலாம். அந்த 720-ம் வரிசைமாற்றங்கள்தாம். ஆனால் அவற்றில் சொல்லாக நிற்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவை: லிசன், சைலன்ட், என்லிஸ்ட், டின்சல், இன்லெட்ஸ். ஸ்டாப் என்பதில் உள்ள நான்கு எழுத்துகளுக்கு 24 அடுக்குகள். ஸ்பாட், போஸ்ட், பாட்ஸ், டாப்ஸ், ஆப்ட்ஸ் ஆகியவற்றையும் சேர்த்து ஆறு பழகிய சொற்கள். இந்த ஆறையும் ஒன்றாகக் கட்டுவது எது? கலைப்பதோ மாற்றுவதோ அன்று; அது நம் செயல். அவை எல்லாவற்றுக்கும் கைமுதலாக இருக்கும் எழுத்துகள் ஒன்றே என்பதுதான் கட்டுகிறது. நாம் இதுவரை செயலுக்குப் பெயர் தேடிக்கொண்டிருந்தோம். அந்தக் கைமுதலுக்கு முதலில் பெயர் வைப்போம்.

கண்டுபிடிப்பை உடனே வெளிப்படுத்தாமல், கண்டது தாமே என்று பதிவு செய்துவைக்க 17-ஆம் நூற்றாண்டு அறிவியலாளர்கள் சிலர் வெளியிட்டதும் இந்தக் கைமுதலைத்தான். ராபர்ட் ஹூக் 1676-இல் தம் மீள்விசை விதியை 14 எழுத்துகளாக அச்சிட்டார். அவை சொல்லாகவே இல்லை. சி ஒன்று, இ ஒன்று, ஐ மூன்று, என் ஒன்று என அகரவரிசையில் நின்றன. நீட்சி எவ்வளவோ விசையும் அவ்வளவு என்னும் இலத்தீன் தொடர் அதற்குள் இருப்பதை 1678-இல்தான் வெளிப்படுத்தினார். சனிக்கோளின் வளையத்தைக் கண்ட ஹைகன்ஸும் 1656-இல் அப்படியே செய்தார். எந்த எழுத்து எத்தனை என்று கணக்கெழுதி வைத்திருக்கிறார்கள்! கடைக்காரர் சரக்கு இருப்பு எழுதுவது போலத்தான்.

ஆகவே என் பரிந்துரை: அந்தக் கணக்குக்கு எழுத்திருப்பு. ஒரே இருப்பிலிருந்து எழும் சொற்கள் ஓரிருப்புச் சொற்கள். சைலன்ட் என்பது லிசனின் ஓரிருப்புச் சொல். கையிருப்பு, இருப்புநிலைக் குறிப்பு என்று பழகிய இருப்புதான் இது. இருப்புப்பாதை நினைவுக்கு வருமே என்று ஒருவர் கேட்கக்கூடும். எழுத்து என்ற முன்சொல் அந்த ஐயத்தைத் தடுத்துவிடும். கணிதத்தில் உறுப்புகளின் தொகுப்பைக் குறிக்கும் ‘கணம்’ என்ற சொல்லை வைக்கலாமா என்றும் எண்ணிப் பார்த்தேன். கணத்தில் ஓர் உறுப்பு இருக்கிறதா இல்லையா என்பதே பேச்சு, எத்தனை முறை என்பதற்கு இடமில்லை. ஹூக்கின் மூன்று ஐயும் கணத்தில் ஒன்றாகிவிடும். இருப்பில் மூன்றும் மூன்றாகவே நிற்கும்.

இனித் தமிழுக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

கதவும் தகவும் ஓரிருப்பு. தவமும் வதமும் ஓரிருப்பு. அரசு என்பதைக் கலைத்தால் அசுர என்று வருகிறது. இவற்றில் உயிர்மெய் உடையாமல் முழுதாக இடம் மாறுகிறது, மாலைமாற்றில் போல. ஆனால் இவ்வகைச் சொற்கள் நம்மிடம் குறைவு. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகியவை தமிழ்ச்சொல்லுக்கு முதலில் வாரா. ஈற்றுக்கும் கட்டுப்பாடு உண்டு. எழுத்துகளை விருப்பம்போல் ஆட்டிவைக்க மொழி விடுவதில்லை.

உயிர்மெய்யை மெய்யும் உயிருமாகப் பிரித்துவிட்டால் கதவு திறந்துவிடுகிறது. விழா என்பதில் வ், இ, ழ், ஆ. வாழி என்பதிலும் அவையே! பாதியும் பிதாவும் அப்படித்தான். தாமரையைப் பிரித்து அடுக்கினால் மாதரை என்று ஆகிறது. இதைக் கண்ட அன்று வேறு வேலை எதுவும் எனக்கு ஓடவில்லை. இதற்கு ஒலியிருப்பு என்று தனிப்பெயர் தரலாம். முன்னதில் எழுத்திருப்பு ஒன்று, பின்னதில் ஒலியிருப்பு ஒன்று. ஆங்கிலத்தில் இந்த இரண்டாம் வகை வேறு கதை: லிசன், சைலன்ட் என்று தமிழில் எழுதிப் பாருங்கள், ஓரிருப்பு என்பதே தெரியாது. அங்கே உறவு கண்ணுக்கு மட்டும். இங்கே காதுக்கும் உண்டு.

நிரல் எழுதும் நண்பர்களுக்கு ஒரு சொல். யுனிகோடு குறிகளை அப்படியே வரிசைப்படுத்தி ஒப்பிடாதீர்கள். நான் அப்படித்தான் தொடங்கினேன். விழா, வாழி கிடைத்தன. ‘இது’வும் ‘உதி’யும் கிடைக்கவில்லை. இரண்டிலும் இ, த், உ என்பவையே ஒலிகள். ஆனால் சொல்லின் முதலில் நிற்கும் இகரத்துக்கு ஒரு குறி, மெய்யோடு சேரும் இகரக் கொக்கிக்கு வேறு குறி. முதலில் மெய்யையும் உயிரையும் பிரித்துவிட்டு, அதன்பின் வரிசைப்படுத்துங்கள். அகரத்துக்குக் கொக்கியே இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். அதை நாமே எழுதிச் சேர்க்க வேண்டும்.

ஐகாரத்தை அய் என்று உடைக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். உடைக்க வேண்டாம் என்பது என் எண்ணம். ஐ முதலெழுத்து முப்பதில் ஒன்று. போலியாக அய் என எழுதுவதை அடிப்படையாகக் கொண்டால் ஒரே சொல்லுக்கு இரண்டு இருப்பு வந்துவிடும். மாற்றுக்கருத்து உள்ளவர்கள் ஐகாரம் வரும் ஒரு சொல்லிணையோடு எழுதுங்கள், சேர்ந்து பிரித்துப் பார்ப்போம்.

அன்புடன்